அல்சூர் பஜார் தெருவில் உழவர் சந்தை: ஞாயிறா, மைதானமா, புதன்கிழமையா?

எங்கள் தெருக் கடைகளுக்குள் ஒரு தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஞாயிறுதோறும் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பஜார் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு உழவர் சந்தை நடத்தும் யோசனையை எதிர்க்கிறோம் என்று கன்னடத்திலும் தமிழிலும் அடித்திருக்கிறார்கள். கீழே கையெழுத்துக்குக் கட்டங்கள். முந்தாநாள் வரை முப்பத்தொரு கடைக்காரர்கள் போட்டிருந்தார்கள். எங்கள் மளிகைக் கடையின் கட்டம் காலி. அப்பா போடு என்கிறார். "நம்ம வாசல்ல இன்னொருத்தன் கூடையை இறக்கி வியாபாரம் பண்ணுவான், நாம மாசாமாசம் வாடகை கட்டிட்டு வேடிக்கை பார்க்கணுமா?" என்பது அவர் கேள்வி. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் ஒரு வாரம் தவணை கேட்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூரில் வேறு பேட்டைகளிலும் இதே பேச்சு வரலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

யோசனையைக் கொண்டுவந்தவர்கள் பக்கத்து அப்பார்ட்மென்ட்களின் குடியிருப்போர் சங்கத்தினர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, மாலூர்ப் பக்கமிருந்து முப்பது விவசாயிகள் வருவார்கள், விளைந்ததை அவர்களே விற்பார்கள், நடுவில் ஆள் கிடையாது. இதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. 2024-ல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று கணக்கிட்டது: தக்காளிக்கு நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் விவசாயி கைக்குப் போவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. உழுது, நாற்று நட்டு, மருந்தடித்து, விலை விழுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பவருக்கு மூன்றில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். அதற்கு முன்பே 1987-ல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' வந்தது. 1999 தொடக்கத்தில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. எங்கள் உறவினர்கள் ஓசூரில் இருக்கிறார்கள். அங்கே போனால் திரும்பும்போது உழவர் சந்தையில் பை நிரப்பாமல் நாங்கள் பஸ் ஏறியதில்லை. எதிர்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் பலரும் அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படியிருந்தும் ஞாயிறு காலை என்ற ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை.

காரணம் எங்கள் கல்லாவில் இருக்கிறது. ஞாயிறு காலை எங்கள் கடையில் விற்பது, செவ்வாயும் புதனும் முழு நாள் சேர்ந்து விற்பதற்குச் சமம். அல்சூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ராமமூர்த்தி நகர், கே.ஆர். புரம், ஒயிட்ஃபீல்டு என்று குடிபோன குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சோமேஸ்வரர் கோயிலுக்கு வருகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, மார்க்கெட்டில் கறி எடுத்துக்கொண்டு, பழைய கடையில் மாசச் சாமான் வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். இருபத்தைந்து கிலோ இட்லி அரிசி, ஐந்து லிட்டர் எண்ணெய் டின், உளுந்து, வெல்லம். எல்லாம் வண்டியில் ஏற்ற வேண்டிய சாமான். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னால் கத்திரிக்காயைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அரிசி மூட்டையைத் தூக்கமாட்டார்கள்.

ஜனம் திரண்டு வந்தால் கடைக்கும் வியாபாரம் கூடும் என்று, இந்த யோசனையைப் பேசக் கூடிய கூட்டத்தில் சங்கத்தினர் சொன்னார்கள். அது எப்படிப்பட்ட ஜனம் என்பதைப் பொறுத்தது. சித்திரையில் பூப்பல்லக்குகள் வரும் இரவில் எங்கள் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குக் கடையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம் போகும். ஒரு அரிசி மூட்டை நகராது. டீக்கடைக்கும் பேக்கரிக்கும் ஞாயிறு சந்தை லாபம். காய்க்கடைக்கு நஷ்டம். மளிகைக்கும் பாத்திரக் கடைக்கும் வண்டி வராததுதான் நஷ்டம். 'வியாபாரிகள் எதிர்க்கிறார்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. காந்தி பஜாரில் தெருவைப் புதுப்பித்தபோது பார்க்கிங் போய்விடும் என்று கடைக்காரர்கள் போராடியதை நகரத்தில் பலர் பிடிவாதம் என்றார்கள். வண்டி நிற்கிற இடத்தைப் பொறுத்துச் சாப்பிடுகிற கடைக்காரருக்கு அது பிடிவாதம் இல்லை.

இன்னொன்று, மிச்சமாகும் காய். இதைப் பற்றி யாரும் பேசவில்லை. தளியிலிருந்து வருகிறவர் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடை விரிக்க வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலமே கீரையை அறுத்துக் கட்டிவைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி ஏற வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கையில் நாற்பது கட்டு மிஞ்சினால் என்ன செய்வார்? ஞாயிறு மதியம் யாரும் கீரை வாங்குவதில்லை. திரும்ப எடுத்துப் போனால் ஆட்டுக்குத்தான். ஆக, பதினோரு மணிக்கே பாதி விலைக்குத் தள்ளுவார். அதைத் தெரிந்துகொண்டவர்கள் பதினோரு மணிக்கு மேல்தான் வருவார்கள். நடுவில் ஆளே இல்லாத சந்தையில் மிச்சத்தை வாங்கவும் ஆள் இருக்காது.

சரி, இரண்டாவது வழி. தெருவை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கும் பள்ளி மைதானம் ஒன்றில் அதே ஞாயிறு காலை நடத்துவது. எதிர்ப்புத் தாளை எழுதியவர்களே இதற்குச் சம்மதிப்பார்கள். வண்டிப் பிரச்சினை தீரும். மழைக்குப் பந்தல் போடலாம். கழிப்பறை இருக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மைதானத்துக்கு வாடகை உண்டு. அந்த வாடகை விவசாயி தலையில்தான் விழும். தமிழ்நாட்டு உழவர் சந்தை நிற்பதே கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், காய் மூட்டைக்கு அரசுப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்ற மூன்று கால்களில். அவற்றில் ஒன்றை எடுத்தாலும் காய் விலை ஏறும். விலை ஏறினால் நாற்பது ரூபாய்க் கத்திரிக்காய்க்குப் பதில் தேன், ஊறுகாய், சோப்பு, கேக் விற்கிறவர்கள்தான் அந்த வாடகையைக் கட்ட முடியும். வேறு இடங்களில் இப்படி ஆரம்பித்து ஆறு மாதத்தில் காய் ஒரு மூலைக்குப் போய், மற்றதெல்லாம் முன்னால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை விவசாயிகள் சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைதானத்துக்குப் போகிறவர் அங்கிருந்தே காரில் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதும் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அதனால் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை.

மூன்றாவது வழியைச் சொன்னவர் எங்கள் தெருவில் முப்பது வருஷமாகக் காய்க்கடை வைத்திருப்பவர். "சந்தை எதுக்கு? நாங்க பத்துக் கடை சேர்ந்து அதே விவசாயிகிட்ட நேரா வாங்குறோம். அவனுக்கும் நல்ல விலை, ஜனத்துக்கும் தினம் கிடைக்கும்." இதைக் கேட்டதும் நான் மயங்கிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. வாரம் ஒருநாள் வரும் சந்தையைவிட ஏழு நாளும் திறந்திருக்கும் கடைகள் மூலம் விவசாயிக்கு விலை போனால் எவ்வளவு நல்லது! பெங்களூருக்கு இது புதிதும் இல்லை. 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கி, லால்பாக்கைத் தலைமையிடமாக வைத்து வளர்ந்த ஹாப்காம்ஸ் செய்தது இதுதானே. எங்கள் அம்மாவுக்கு இன்றும் பீன்ஸ் என்றால் ஹாப்காம்ஸ் கடைதான்.

மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் முட்டுக்கட்டை எங்கே என்று தெரிந்தது. கடன். எங்கள் தெருக் காய்க்கடைக்காரர்கள் விடியற்காலை நாலு மணிக்கு, காய் மொத்தமாகக் கிடைக்கும் கலாசிபாளையத்துக்கோ கே.ஆர். மார்க்கெட்டுக்கோ குட்டியானை வண்டியில் போகிறார்கள். எல்லாவற்றையும் கைக்காசு கொடுத்து வாங்குவதில்லை. மண்டிக்காரர் இன்று சரக்கு கொடுப்பார், போன வாரக் கணக்கை இன்று வாங்கிக்கொள்வார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் இன்னும் ஒரு வாரம் பொறுப்பார். அதனால் கடைக்காரர் அவரை விட்டுப் போக முடியாது. விவசாயியால் இப்படிக் கடன் கொடுக்க முடியுமா? அவரே மண்டியில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருப்பார். இரண்டு பக்கமும் மண்டியின் கடனில் நிற்கும்போது, நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டுக் கை கோத்துக்கொள்ளுங்கள் என்றால் இருவருமே விழுவார்கள். சரக்குப் பிரிப்பதிலும் சண்டை வரும். முதல் தரத் தக்காளி யாருக்கு, அடிபட்டது யாருக்கு? பத்துக் கடைக்கு ஒரே லோடு வந்தால் காலை ஐந்து மணிக்கு இந்தப் பஞ்சாயத்தை யார் தீர்ப்பது? ஹாப்காம்ஸுக்குப் பின்னால் விலை நிர்ணயிக்க ஆபீஸ் இருந்தது, தரம் பிரிக்க ஆள் இருந்தது, தோட்டக்கலைத் துறை இருந்தது. எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

இந்த வழி தவறு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு இதை வைத்துச் சந்தையை மறுப்பது, நடக்காத ஒன்றைக் காட்டி நடக்கக்கூடிய ஒன்றைத் தடுப்பதாகும் என்கிறேன். சந்தை ஒரு வருஷம் நடந்து, விவசாயிகளும் கடைக்காரர்களும் முகம் பார்த்துப் பழகினால், இது தானாக வர வாய்ப்பிருக்கிறது.

நான்காவது வழி நான் யோசித்தது. அதே பஜார் தெரு. ஆனால் புதன்கிழமை, மாலை நாலிலிருந்து எட்டு வரை. கோயில் முனையிலிருந்து முதல் குறுக்குத் தெரு வரைக்கும் மட்டும். நாலு சக்கர வண்டிக்கு மட்டும் தடை. ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஒரு பக்கமாகப் போகலாம்.

புதன் எங்களுக்கு மந்தமான நாள். அன்றைக்குப் புதிதாக ஆள் வந்தால் எங்களிடமிருந்து எதுவும் குறையாது. அல்சூர் மெட்ரோ நிலையம் நடக்கிற தூரம். ஐந்து மணிக்கு மேல் எம்.ஜி. ரோட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வேலை முடிந்து இறங்குகிறவர்கள் இன்று நேராக வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்பில் கொத்தமல்லி வாங்குகிறார்கள். எங்கள் வியாபாரத்தைத் தேய்ப்பது அதுதான், வருஷம் முழுக்க, மழையிலும் வெயிலிலும். வாரத்தில் நாலு மணி நேரம் வரும் தளிக்காரர் இல்லை. அந்த ஜனங்களைத் தெருவில் இறக்கி நடக்க வைக்க எங்களால் முடியவில்லை. கண்ணெதிரே பச்சைப் பட்டாணியும், மார்கழி வந்தால் மணக்கும் அவரைக்காயும் குவித்து வைத்தால் அது முடியும். அவரைக்காய் வாங்கினவர் அங்கேயே எங்கள் கடையில் பச்சரிசியும் தேங்காயும் வாங்காமல் போவாரா?

விவசாயிக்கும் புதன் மாலை சௌகரியம். காலையில் அறுத்து, மதியம் கிளம்பினால் போதும். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தானே. எட்டு மணிக்கு முடித்தால் ராத்திரியே வீடு. கீரை அன்று அறுத்த கீரை. அதோடு முக்கியமாக, எட்டு மணிக்கு மிஞ்சுவதை வாங்க ஆள் இருக்கிறார்கள்.

அந்த ஆட்களைப் பற்றித்தான் எனக்கு மனக்கஷ்டம். கூட்டத்தில் குடியிருப்போர் விவசாயிக்காகப் பேசினார்கள். கடைக்காரர்கள் கடைக்காகப் பேசினார்கள். நடைபாதையில் கோணி விரித்துக் கீரை விற்கும் அக்காவையும், பூக்கட்டும் அம்மாக்களையும், எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கூறு கட்டி வைக்கும் பாட்டியையும் யாரும் கூப்பிடக்கூட இல்லை. ஞாயிறு சந்தை வந்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். கடைக்காரருக்கு ஒரு காலை வியாபாரம் குறையும். இவர்களுக்கு உட்காரும் இடமே போகும். 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க வந்த சட்டம், இவர்களைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக்கூடாது. எங்கள் தெரு ஓரத்தில் கீரை அக்கா உட்காருகிற அதே கல்லில் அவருடைய அம்மா உட்கார்ந்து விற்றதை அப்பா பார்த்திருக்கிறார்.

அக்காவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். சந்தையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் சொப்புக் கட்டுக்கு, கன்னடத்தில் கீரைக்கு அதுதான் பெயர், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கெழம அவங்க வந்தா நான் எங்க போறது தம்பி? என் சொப்பும் அங்கருந்துதான வருது. நான் பத்து ரூபாய்க்கு வாங்கிப் பதினஞ்சுக்கு விக்கிறேன். அவங்களே பத்துக்கு வித்தா?" புதன் மாலை என்றால்? எட்டு மணிக்கு மிஞ்சினதை மொத்தமாக அவரும் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்றால்? கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மார்க்கெட்டுக்கு விடியற்காலை ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு வியாழக்கிழமை மிச்சம். கீரை ராத்திரி முழுக்க ஈரத்துணியில் இருந்தால் வியாழன் காலை நன்றாகவே இருக்கும். அதை அவர்தான் எனக்குச் சொன்னார். மாலை நாலு மணிக்கு அவருடைய காலை வியாபாரமும் முடிந்திருக்கும். அந்த நாலு மணி நேரம் அவருடைய இடம் அவருக்கே இருக்க வேண்டும், சந்தைக்காரர் யாரும் அதில் கடை போடக்கூடாது. இந்த ஒன்றை எழுத்தில் தராவிட்டால் புதன் சந்தைக்கும் நான் எதிரிதான்.

புதன்கிழமைக்கும் குறை உண்டு. வார நாள் மாலை நெரிசலில் பாதித் தெருவைச் சுருக்கினால் அக்கம்பக்கத்து வீதிகள் தாங்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும், அதற்கு நிற்க ஆள் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் பெங்களூர் மழை சாயங்காலம்தான் கொட்டும். அந்த இரண்டு மாதம் சந்தை பாதிநாள் நடக்காது. வேலைக்குப் போகாத பெரியவர்களுக்குக் காலைச் சந்தைதான் வசதி என்று எங்கள் பின்வீட்டுத் தாத்தா சொன்னதும் சரிதான். இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். ஞாயிறு வியாபாரம் போவதும், நடைபாதைப் பெண்களின் இடம் போவதும் சமாளிக்கக்கூடியவை இல்லை.

விற்பவர் விவசாயிதானா என்று பார்ப்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கலாசிபாளையத்தில் வாங்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவது சுலபம். அப்படி நடந்தால் வாடகை கட்டும் கடைக்காரருக்கு எதிரே வாடகை கட்டாத கடைக்காரரை நிறுத்தினதாகும். அப்பாவின் கேள்வி அப்போது முழுக்க நியாயமாகிவிடும். தமிழ்நாட்டில் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துப் படம் ஒட்டிய அட்டை தருகிறார்கள். விலையும் தினம் காலையில் பலகையில் எழுதப்படுகிறது, மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. இங்கே நிலத்துக்குச் சான்றாகக் கர்நாடகத்து மாலூர்க்காரர் பஹணி காட்டுவார், தமிழ்நாட்டுத் தளிக்காரர் சிட்டா அடங்கல் காட்டுவார். இரண்டையும் ஒன்றாக மதிக்க வேண்டும். எந்த மாநிலத்துக்காரர் என்ற பேச்சைச் சந்தைக்குள் விடவே கூடாது. அல்சூர் அதற்கெல்லாம் ஏற்கெனவே போதுமான அளவு பட்டிருக்கிறது. அந்தப் பேச்சால்தான் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பல வருஷம் மூடியே கிடந்து, 2009-ல் திறந்தது.

சந்தையை ஒரு ஆளின் ஆதரவில் நிறுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2001-ல் ஆட்சி மாறியதும் பல உழவர் சந்தைகள் கவனிப்பாரில்லாமல் போயின. 2006-க்குப் பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. எங்கள் தெருச் சந்தை அப்படி ஆகாமலிருக்க வேண்டுமானால் அதை நடத்தும் குழுவில் குடியிருப்போர் மட்டும் இருந்தால் போதாது. கடைக்காரர் இருவர், நடைபாதை வியாபாரிகள் இருவர், விவசாயிகள் இருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடை விரிப்புக்கும் சின்னக் கட்டணம் வாங்கி, அன்று இரவே இலையும் தழையும் அள்ளுவதற்கு மட்டும் அதைச் செலவழிக்க வேண்டும். வியாழன் காலை என் கடை வாசலில் முட்டைக்கோஸ் இலை அழுகிக் கிடந்தால், நானே அடுத்த தாளை எழுதுவேன்.

ஆகவே எதிர்ப்புத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஞாயிறு வேண்டாம். எட்டுப் புதன்கிழமைகள் நடத்திப் பார்க்கலாம், சங்கராந்திக்கு முன்னால் அவரைக்காய்க் காலத்தில் தொடங்கினால் நல்லது. அந்த எட்டு நாளும், அதற்கு முந்தைய எட்டுப் புதன்களும், ஒவ்வொரு கடையும் தன் விற்பனையை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும், கீரை அக்காவுக்கு நான் எழுதித் தருகிறேன். குறைந்திருந்தால் நிறுத்திவிடலாம். காய்க்கடைக்காரர்களுக்கு மட்டும் புதனிலும் நஷ்டம் வரக்கூடும். அவர்களுக்கு எட்டு மணி மிச்சச் சரக்கில் முதல் உரிமை தரலாமா, அக்காவுக்கும் அவர்களுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்பா படித்துப் பார்த்தார். "புதன் சரி. ஆனா லோடு இறக்குறது மூணு மணிக்குள்ள முடியணும்னு எழுது. அரிசி லாரிக்காரன் நாலு மணிக்கு வந்து நின்னான்னா உன் சந்தை அங்கயே முடிஞ்சிரும்" என்றார். அதையும் சேர்த்து எழுதினேன். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு, கடை அடைத்த பிறகு, கோயில் முனை டீக்கடையில் மறுபடி உட்காருகிறோம். கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரும் வர வேண்டும். நடைபாதையிலிருந்து நாலு பேரை நான் அழைத்து வருகிறேன்.